சூட்டுக்கு மீட்டர் வைத்தவன்

சென்ற சனிக்கிழமை விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அன்றிரவே வாட்ஸாப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஆகையால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை; என் வண்டியின் டிரான்ஸ்மிஷனுக்கு, அதாவது கியர் பெட்டிக்கு, நான் சூடு காட்டும் மீட்டர் மாட்டியதைத்தான் கிண்டல் செய்தார்கள். "ஊரில் ஆட்டோக்காரர்கள் மீட்டருக்குச் சூடு வைப்பார்கள், இவர் சூட்டுக்கே மீட்டர் வைத்திருக்கிறார்" என்பது நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த "வேலையற்ற வேலை", "கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிட்டதாக்கும்" என்ற இரண்டுக்கும் என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கும் குடும்ப வண்டியில் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர் அலங்காரப் பொருள் அன்று. நம் வண்டிகளின் டேஷ்போர்டில் இருக்கும் முள் எஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். அதுவும் பல வண்டிகளில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. டிரான்ஸ்மிஷனுக்கென்று இருந்தால் ஒரு விளக்கு இருக்கும். அது எரியும்போது ஆயில் ஏற்கெனவே வெந்திருக்கும். பாரத்தோடு மேடேறுகையில், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கடைதலில் வருவதுதான் சூடு. 175 முதல் 200 டிகிரி பாரன்ஹீட் வரை ஆயிலுக்குச் சுகம். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. 240-ஐத் தாண்டினால் உள்ளே வார்னிஷ் போல் படியத் தொடங்கும், பிறகு சீல்கள் இறுகும், அப்புறம் கிளட்ச் தட்டுகள் வழுக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. 2022 ஜூலையில், மடக்குக் கூரை கேம்பரை, அதாவது உள்ளே தங்கும் டிரெய்லரை, கட்டிக்கொண்டு ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே போனோம். கிரேப்வைன் ஏற்றத்தை ஏறிய கலிபோர்னியாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; சமவெளியில் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் வெயிலில் வந்து, அப்படியே 4,144 அடி உயரமுள்ள டெஹோன் கணவாய்க்கு ஏற வேண்டும். ஏசியை அணையுங்கள் என்று அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது. நானும் அணைத்தேன். எஞ்சின் முள் நடுவில் சமர்த்தாக நின்றது. அப்போது பின்சீட்டிலிருந்து அம்மா, "எங்கேயோ அடிபிடிக்கிற வாசனை வருதுப்பா" என்றார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. ஓரங்கட்டி ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருகிய காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அன்று எங்கள் வண்டியிலிருந்த ஒரே டிரான்ஸ்மிஷன் மீட்டர் எழுபத்தொரு வயதான என் அம்மாவின் மூக்கு. அதற்கான விலை 4,300 டாலர். இரண்டு குழந்தைகளோடும் அம்மாவோடும் டோ லாரிக்காகக் காத்திருந்த மூன்று மணி நேரத்தை நான் அதில் சேர்க்கவில்லை.

"கம்பெனி 3,500 பவுண்டு இழுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்டவருக்கு: அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற இழுவைச் சோதனை அளவுகோலில், அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், நூறு டிகிரி வெயிலில் ஏசியை முழுவதுமாக வைத்து இழுத்துப் பார்க்கிறார்கள், கடுமையான சோதனைதான். ஆனால் அங்கே வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது ஓட்டுநரையும் பக்கத்தில் ஒருவரையும், தலைக்கு 150 பவுண்டு வீதம். எங்கள் வண்டியில் ஐந்து பேர், ஐஸ் பெட்டி, குக்கர், பத்து கிலோ பொன்னி அரிசி. அதோடு, சோதனைக்கு வந்தது புது வண்டி, என்னுடையது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மைல் ஓடியது. கம்பெனிக்காரனுக்கு எல்லாம் தெரியும் ஐயா, என் அம்மா அரிசி மூட்டையோடு வருவார் என்பது மட்டும் தெரியாது.

"ஆயிலைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கூலர் மாட்டினால் போதாதா?" மாட்டியிருக்கிறேன். மீட்டர் வைத்து, அதே ஏற்றத்தில் 230 காட்டியதைக் கண்ட பிறகுதான் மாட்டினேன். இப்போது 205-ஐத் தாண்டுவதில்லை. மீட்டர் இல்லாமல் கூலர் மட்டும் போட்டிருந்தால் அது வேலை செய்கிறதா என்பதை எந்தச் சாமியிடம் கேட்பது?

"போனில் ஆப் போட்டு ஓபிடி (வண்டியின் கணினியைப் படிக்கும் இணைப்பு) வழியாகப் பார்க்கலாமே?" நியாயமான கேள்வி. வண்டியிலேயே இருக்கும் சென்சாரைப் படிக்கும் ஆப்கள் உண்டு, பல வண்டிகளில் ஒழுங்காகவும் வேலை செய்கின்றன. ஆனால் ஜூலை வெயிலில் டேஷ்போர்டில் வைத்த போன் தானே சூடாகி அணைந்துவிடும். சூட்டைப் பார்க்க வைத்த கருவி சூட்டில் படுத்துவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. வேறு விளக்கம் வேண்டுமென்றால் தனியாக வந்து கேளுங்கள்.

மாட்டுவது கடினமான வேலையுமன்று. டிரான்ஸ்மிஷனிலிருந்து கூலருக்குப் போகும் சூடான குழாயை வெட்டி, நடுவே ஒரு பித்தளை டீ (T வடிவ) இணைப்பை வைத்து, அதில் சென்சாரைத் திருகினேன். முதல் நாள் முள் அசையவே இல்லை. ஒற்றை வயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் குழாய் இருந்தால் எர்த் எங்கிருந்து வரும்? டீயைச் சுற்றி ஒரு கிளிப் போட்டு, அதிலிருந்து சேஸிஸுக்கு ஒரு வயர் இழுத்ததும் முள் எழுந்து நின்றது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை, அலுவலகத்தில் எந்தப் பதவி உயர்விலும் நான் கண்டதில்லை. இதைச் சொன்னால் அதற்கும் சிரிப்பீர்கள்.

எங்கள் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓடும்போது அப்பா அதன் தண்ணீர் வெளியே விழும் குழாயில் விரல் வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் திரும்பி வரப்புக்குப் போவார். விரலை வெடுக்கென்று எடுத்தால் அடுத்த நொடி எஞ்சின் நிற்கும். அவரைப் பார்த்து ஊரில் ஒருவரும் சிரித்ததில்லை. வேலையற்றவர் என்று சொன்னதுமில்லை. இங்கே என்னவென்றால், கையில் கிரீஸ் பட்டவனைக் கண்டால் நம்மவர்களுக்கு இளக்காரம். அதுவும் யாருக்கு? மூன்று பேர் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர்கள், அதில் ஒருவர் என் கல்லூரியிலேயே. டார்க் கன்வெர்ட்டர் பற்றிய பாடத்தில் என் நோட்டைப் பார்த்துப் பரீட்சை எழுதியவர், பெயர் வேண்டாம். அன்று எல்லோரும் சிரித்தபோது என் மகனும் சேர்ந்து சிரித்தான். அவன் அந்த ஓரத்தில், வெயிலில், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவன்.

"ஒரு நகைச்சுவையை இவ்வளவு தூரம் மனதில் வைக்கலாமா?" என்பீர்கள். வைக்கவில்லை. அந்த மீட்டர் நகைச்சுவையைச் சொன்னவர் வருகிற மாதம் வீடு மாறும்போது டிரெய்லர் இழுக்க எங்கள் வண்டியைத்தான் கேட்டிருக்கிறார். தருவதாக அன்றே, அந்தச் சிரிப்புக்கு முன்பே, சொல்லிவிட்டேன், சொன்னபடி தருவேன். மீட்டர் அவர் கண்ணை உறுத்துமானால் சொல்லட்டும், கழற்றி வைத்துவிட்டுத் தருகிறேன். இருபது நிமிட வேலை.