பேட்டன்ட் எழுத வக்கீல் எதுக்கு?

சேலத்துல யாராவது புதுசா ஒரு மெஷின் செஞ்சா, பக்கத்துல நிக்கிறவர் சொல்றது, "நல்ல வக்கீலா பாத்து பேட்டன்ட் போட்டுருங்க". வக்கீலே வேண்டாங்க. கேஸுன்னு கோர்ட்டுக்குப் போனாத்தான் வக்கீல். விண்ணப்பம் போட, காப்புரிமை அலுவலகத்துல பதிவு பண்ணின பேட்டன்ட் ஏஜென்ட் போதும். 1970 காப்புரிமைச் சட்டத்தோட 126-வது பிரிவுப்படி, ஏஜென்ட் ஆகறவர் இந்தியக் குடிமகனா, 21 வயசு முடிஞ்சவரா இருக்கணும்; சயின்ஸ் அல்லது இன்ஜினியரிங் டிகிரியோட, காப்புரிமை அலுவலகம் வைக்கிற பரீட்சையும் பாஸ் பண்ணியிருக்கணும். சட்டப் படிப்பு கேக்கறதில்ல.

ஏன்னா வேலையே பட்டறை வேலை மாதிரிதான். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோல் உரிக்கிற மெஷின்ல ஒருத்தர் ரெண்டு ரப்பர் ரோலரை வேற வேற வேகத்துல ஓட விட்டார்னு வச்சுக்குவோம். விண்ணப்பத்துல 'எனக்கு உரிமை வேணுங்கறது இதுக்குத்தான்'னு சொல்ற வாக்கியம்தான் கிளெய்ம். அதுல "ரப்பர் ரோலர்"னே எழுதிட்டா, நாளைக்கு இன்னொருத்தர் நைலான் பிரஷ் போட்டுட்டு "இது என்னோடது"ம்பார். நல்ல ஏஜென்ட் கேப்பார்: "ஏங்ணா, ரப்பருக்குப் பதிலா நைலான் போட்டா உரிக்காதா?" "உரிக்கும்ங்க, சீக்கிரம் தேஞ்சிரும்." அப்ப கண்டுபிடிப்பு ரப்பர்ல இல்ல, வேக வித்தியாசத்துல இருக்கு. முதல் கிளெய்ம்ல அது, ரப்பர் ரெண்டாவதுல. ரொம்ப அகலமா எழுதினாலும் "இது பழசு"ன்னு எக்ஸாமினர் திருப்பி அனுப்புவார்.

அதுக்கும் முன்னாடி இன்னொண்ணு இருக்கு. நம்மாளுங்க மெஷினை மூணு சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு வித்து, யூடியூப்ல வீடியோவும் போட்டுட்டுத்தான் ஏஜென்ட்டைத் தேடறாங்க. அப்பவே புதுமை போச்சு. விக்கறதுக்கு முன்னாடியே புரொவிஷனல், அதாவது முழு விவரம் இல்லாத முதல்கட்ட விண்ணப்பம், போடுங்க. தனிநபருக்கு ஆன்லைன்ல அரசுக் கட்டணம் 1,600 ரூபாதான், முழு விவரம் கொடுக்க 12 மாசம் டைம் இருக்கு.

லோகோ பதிவு பண்ணித் தர்றவங்களே "பேட்டன்டும் பாத்துக்கலாம்"னு சொன்னா பதிவு எண் கேளுங்க. ஏஜென்ட்டுகளோட பட்டியல் காப்புரிமை அலுவலக இணையதளத்துலயே இருக்கு.

மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுற நம்ம பசங்க இந்த ஏஜென்ட் பரீட்சையை ஏன் பாக்கறதில்லைன்னு எனக்குப் புரியல. ரெண்டு பேப்பர், ஒரு நேர்முகம். ரெண்டாவது பேப்பர்ல பேட்டன்ட் விவரம் எழுதற வேலைதான் முக்கியம், மெஷினைப் படிக்கத் தெரிஞ்சவன் அதுல தேறிருவான். ஆனா இது சில வருஷம் நடக்காமலும் போயிருக்கு, அறிவிப்பு வந்ததும் போட்டுரணும்.