அரம் தேய்த்த கோடுகள்

பழைய ஜப்பானிய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடம் எதற்கு ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டால், பலரும் 'பேபி நம்பு' என்பார்கள். நம்பு கிஜிரோ என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்தது, உள்ளங்கையில் அடங்கும், 7 மில்லிமீட்டர் தோட்டா. மொத்தமே சுமார் 6,500தான் செய்தார்கள். அந்த நாட்டு ராணுவ அதிகாரிகள் அன்று கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டியிருந்தது. இதன் விலையைக் கேட்டுப் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அன்று விலை போகாததுதான் இன்று கிடைக்காத பொருளாகிவிட்டது!

எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. படங்களில் மட்டுமே பார்த்திருந்தாலும், என் மனம் 1945-இல் செய்யப்பட்ட 94-ஆம் வகைக் கைத்துப்பாக்கியிடமே போகிறது. அவலட்சணம் என்றால் அப்படியொரு அவலட்சணம். இடப்பக்கம் ஓர் இரும்புப் பட்டை வெளியே தெரியும். விசையைத் தொடாமல் அதை அழுத்தினாலே சுட்டுவிடக்கூடும். சரணடைவதுபோல் நீட்டிச் சுடுவதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சுத்த அபத்தம். 1934-இல், எந்தச் சரணாகதியையும் நினைக்காத காலத்தில் பிறந்த வடிவம் அது.

பெயர்களே ஒரு புதிர். 26-ஆம் வகை ரிவால்வர் மெய்ஜி ஆட்சியின் 26-ஆம் ஆண்டு, அதாவது 1893. 14-ஆம் வகைக் கைத்துப்பாக்கி அடுத்த மன்னரின் தைஷோ 14, அதாவது 1925. 94-க்கு வந்தால் மன்னர் பெயரே இல்லை. ஜப்பானின் முதல் பேரரசர் பட்டமேறியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணினால் வரும் 2594-இன், அதாவது 1934-இன், கடைசி இரண்டு இலக்கங்கள். இதற்கு நம் பிரபவ, விபவக் கணக்கே தேவலை. ஆனால் செய்த மாதம்கூட இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 20.4 என்றால் ஷோவா 20, ஏப்ரல். 1925-ஐக் கூட்டிக்கொண்டால் 1945.

சேகரிப்பாளர்கள் இந்த எண்களுக்காகத்தான் உயிரை விடுகிறார்கள். 14-ஆம் வகையில் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டின் எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் பொருந்தினால் விலை எகிறும்.

எனக்கு எண் பொருத்தத்தைவிடத் தேதிதான் முக்கியம். தொடக்ககால 94-ஐயும் கடைசி மாதங்களில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது நீலம் மின்ன, வழவழப்பாக இருக்கும். பின்னதில் அரம் தேய்த்த கோடுகள் அப்படியே நிற்கும், விளிம்புகளை மழுக்கவில்லை, கைப்பிடிக்கு வெறும் மரத்துண்டு. அந்த நாட்களில் பள்ளி மாணவர்களைக்கூட ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கோட்டையும் பார்க்கும்போது, அரத்தைப் பிடித்திருந்த கைக்கு என்ன வயது இருந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றுகிறது.