தலைப்புக்கு முன் நான்கு பாட்டு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் தமிழிலக்கிய மாணவர்கள் பலரும் முதல் சில மாதங்களைத் தலைப்புத் தேடியே கழிக்கிறார்கள். கடைசியில் 'சங்க இலக்கியத்தில் இயற்கை', 'குறுந்தொகையில் பண்பாட்டுக் கூறுகள்' என்று ஏதோ ஒன்று நெறியாளர் கையெழுத்தோடு போய்ச் சேர்கிறது. இந்தத் தலைப்புகளில் கேள்வியே கிடையாது. கேள்வி இல்லாத இடத்தில், இருப்பதையெல்லாம் எடுத்து அடுக்குவதைத் தவிர மாணவருக்கு வேறு வழி இல்லை. ஐந்து இயல், முந்நூறு பக்கம் தேறிவிடும். வாய்மொழித் தேர்வில் 'நீங்கள் கண்டுபிடித்தது என்ன' என்று கேட்டால்தான் தடுமாற்றம்.

முதல் மூன்று மாதம் தலைப்பைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து. நான்கு பாட்டை எடுத்து, அவற்றோடு மட்டும் உட்கார வேண்டும்.

குறுந்தொகை 21, 66, 251, 382 ஆகியவற்றைப் பாருங்கள். நான்கும் முல்லை, அதாவது பிரிந்தவன் வரவுக்குத் தலைவி காத்திருப்பதைப் பாடும் திணை. கார்காலத்தில் திரும்புவதாகச் சொன்ன தலைவன் வரவில்லை. மழை பெய்கிறது, கொன்றை பூத்துவிட்டது, மயில் ஆடுகிறது. அப்போது 'இது கார்காலமே இல்லை' என்று ஒரு மறுப்பு வருகிறது. நான்கையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு வேறுபாடு தட்டுப்படும். 66இல் தோழி கொன்றையை 'மடவ' (அறிவற்றவை) என்கிறாள், வம்ப மாரியை, அதாவது பருவமல்லாத மழையை, கார் என்று எண்ணிப் பூத்துவிட்டதாம். 251இல் அதே 'மடவ' மயிலுக்கு. தலைவி பேசும் 21ஆம் பாட்டில் அந்த ஏச்சு இல்லை. காடே இது கார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். தோழி இயற்கையைக் குறை சொல்கிறாள், தலைவி அவன் சொல்லுக்கு உறுதி நிற்கிறாள். இந்த வேறுபாடு நான்கு பாட்டோடு நிற்கிறதா, மற்ற தொகைகளிலும் உண்டா? நற்றிணை 99இல் பிடவும் கொன்றையும் கோடலும் இதே 'மடவ'வை வாங்குகின்றன, அங்கும் பேசுபவள் தோழி. ஐங்குறுநூற்றின் முல்லை நூறும் அகநானூற்றின் முல்லைப் பாடல்களும் பார்க்கக் காத்திருக்கின்றன. தேடினால் 'இல்லை' என்ற விடையும் வரலாம். தவறாகிப் போகும் வாய்ப்பு இருப்பதால்தான் அதைக் கேள்வி என்கிறோம்.

இங்கேயே ஒரு குழி இருக்கிறது. 251இல் 'காரன்று இகுளை' என்று வருகிறது. அகராதியைத் திறந்தால் இகுளைக்குத் 'தோழி' என்று பொருள் இருக்கும். உடனே 'தோழியே என்று விளிப்பதால் பேசுபவள் தலைவி' என்று எழுதிவிட்டால் வாதம் முழுக்கச் சரியும். அடுத்த சொற்கள் 'தீர்கநின் படரே'. உன் துயர் தீரட்டும் என்று துயரப்படுகிறவளிடம் சொல்லப்படுகிறது. ஆகவே தோழிதான் தலைவியை இகுளை என்கிறாள். ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருளை எடுத்தவுடன் நிறுத்திவிடாமல் அந்த அடியை இறுதிவரை படிக்கும் பழக்கம் இப்படித்தான் கைவரும், வகுப்புக் குறிப்பில் வராது.

இன்னொன்று, பேசுபவர் யார் என்று சொல்லும் கூற்றுக் குறிப்புகள். பாட்டின் அடியில் 'தோழி கூற்று' என்று இருப்பதைப் புலவரே எழுதியதாக எடுத்துக்கொள்கிறார்கள். அவை பின்னால் சேர்க்கப்பட்டவை. 66இல் பேசுபவள் யார் என்பதற்குப் பாட்டுக்குள் நேரான சான்று இல்லை, குறிப்பை நம்பித்தான் சொல்கிறோம். 21இலும் 251இலும் பாட்டே பேசுபவரைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த இரண்டு வகையையும் ஆய்வேட்டில் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும்.

குறிப்பெடுக்க விரிதாள் போதும். ஓர் இடத்துக்கு ஒரு வரிசை. நூல், பாட்டு எண், அடி எண், மூலம் எழுத்துப் பிசகாமல், பார்த்த பதிப்பும் பக்கமும், பாடவேறுபாடு, உரையாசிரியர் சொல்வது, கூற்றுக்குச் சான்று பாட்டுக்குள்ளா குறிப்பிலா, கடைசியாக உங்கள் கருத்து என ஒன்பது நெடுவரிசை. உரைக்காரர் சொன்னதும் உங்கள் கருத்தும் ஒரே கட்டத்துக்குள் விழக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. தமிழ் ஆய்வேடுகளில் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி இப்படித் தெரியாமல் நடப்பதுதான் என்று நினைக்கிறேன். உரையாசிரியரின் பொழிப்புரை இரண்டு சொல் மாறி ஆய்வாளரின் 'விளக்கம்' ஆகிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய சான்றோடு காட்டிய மேற்கோள் இந்தக் கணக்கில் சேராது. சான்று காட்டாத பொழிப்புரையை மென்பொருள் பிடிக்காமல் விட்டாலும் அது திருட்டுதான்.

பதிப்பைப் பற்றி அலட்சியம் வேண்டாம். குறுந்தொகை முதலில் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பாக வந்தது. உ.வே.சா. பதிப்பு 1937. உ.வே.சா. பதிப்பில் பிரதிபேதம் (பாடவேறுபாடு), மேற்கோளாட்சி (பாட்டைப் பிற நூல்கள் எடுத்தாண்ட இடங்கள்), ஒப்புமைப் பகுதி (பிற பாட்டுகளில் உள்ள ஒத்த இடங்கள்) எல்லாம் இருக்கின்றன. ஒரு பாட்டுக்கு ஒப்புமை தேட நீங்கள் செலவழிக்கும் ஒரு வாரத்தை அந்த ஒப்புமைப் பகுதி ஒரு மணி நேரமாக்கும். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் முதற்பதிப்பு ஆண்டையும் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் சேர்த்தே குறியுங்கள். '2009' என்று மட்டும் போட்டால் 1937இன் கருத்து 2009இன் கருத்தாகத் தோன்றும்.

மதுரைத் திட்டம் போன்ற மின்பதிப்புகள் இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய உதவி. மேற்கோளுக்கு அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டே தீர வேண்டும். தேடுவதிலும் சிக்கல் உண்டு. சந்தி பிரிக்காத மூலத்தில் 'கார்' என்று தேடினால் 'காரன்று' வராது, ஏனென்றால் அங்கே புள்ளி வைத்த ர் இல்லை. 'நீர்' என்று தேடினால் நாற்பதாம் பாட்டின் 'பெயனீர்' தப்பிவிடும். 'குறுந்தொகையில் இச்சொல் இத்தனை முறை' என்ற கணக்குகள் பிழைபடுவது இப்படித்தான். சந்தி பிரித்த பதிப்பு ஒன்றிலும் பிரிக்காதது ஒன்றிலும் தேடி, பிறகு நூலை ஒருமுறை கையால் புரட்டுங்கள். 401 பாட்டுதான். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிப் பாட்டுகள். ஒரு வாரம் போதும்.

முன்னாய்வுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான சோத்கங்காவில் தேடும்போது தமிழ்த் தலைப்பு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஒரே துறையின் ஆய்வேடுகள்கூட மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும்.

எழுதுவதற்கு வருவோம். தமிழ் ஆய்வேட்டின் தீராத நோய் 'என்பதை அறியமுடிகிறது'. பாட்டைக் கொடுப்பது, அதையே உரைநடையில் திருப்பிச் சொல்வது, 'இதன்வழி தலைவியின் துயரம் புலப்படுகிறது' என்று முடிப்பது. மேற்கோளைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். பாட்டில் இல்லாத ஒன்றை அந்தப் பத்தி சொல்கிறதா? இல்லையென்றால் பத்தியை எடுத்துவிடலாம். நல்ல பத்தி உங்கள் கூற்றில் தொடங்கும், பிறகு அடி வரும், பிறகு அந்த அடியின் எந்தச் சொல் கூற்றைத் தாங்குகிறது என்பது வரும். 21ஆம் பாட்டின் 'யானோ தேறேன்' (நானோ நம்பமாட்டேன்) என்பதில் அந்த ஓகாரம் என்ன செய்கிறது என்று மூன்று வாக்கியம் எழுத முடிந்தால் ஆய்வு தொடங்கிவிட்டது.

திருத்தும்போது வெளிநாட்டுக் கையேடு எதையும் தேட வேண்டாம், நன்னூல் பாயிரத்தின் பத்துக் குற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இயலில் நாற்பது பக்கம் சங்க இலக்கிய வரலாறு எழுதுவது மற்றொன்று விரித்தல். ஒவ்வோர் இயல் முடிவிலும் தொகுப்புரை, மறுபடி முடிவுரையில் அதே வாக்கியங்கள் என்றால் கூறியது கூறல். கெடு நெருங்க நெருங்க ஐந்தாம் இயல் பதினைந்து பக்கத்தில் மெலிந்து போவது சென்று தேய்ந்து இறுதல். கடைசி இயலை இரண்டாவதாக எழுதிவிட்டால் இது நேராது.

நூற்பட்டியலுக்கு ஜோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துவோர் தமிழ்ப் பெயர்களை ஒற்றைப் பெயர்க் கட்டத்தில் இடுங்கள். இரண்டு கட்டத்தில் போட்டால் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக்கி வரிசையைக் குலைத்துவிடும்.

மூன்று மாதம் முடியும்போது நான்கு பாட்டு முப்பது, நாற்பது இடங்களாக வளர்ந்திருக்கும். தலைப்பு தானே வரும்: 'முல்லைப் பாடல்களில் பருவமறுப்பு: தோழி கூற்றும் தலைவி கூற்றும்'. அந்த விரிதாளில் தலைவியே கொன்றையை 'மடவ' என்று ஏசும் பாட்டு ஒன்று அகப்பட்டால் ஒளிக்காதீர்கள். நான்காம் இயலை அதிலிருந்து தொடங்குங்கள்.