லேபிள் வெட்டியிருந்தால் பயப்பட வேண்டாம்

பிராண்ட் துணி மலிவாகக் கிடைக்க மாலில் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருங்கள் என்கிறது உங்கள் கட்டுரை. திருப்பூர் காதர்பேட்டையை எப்படி விட்டீர்கள்? ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சில தையலில் பழுதாகும் என்று வெளிநாட்டு ஆர்டரை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். மிஞ்சியதுதான் இங்கே வருகிறது.

கழுத்து லேபிளைப் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். பரவாயில்லை, உள்பக்கம் விலாத் தையலில் இருக்கும் சலவைக் குறிப்பைப் பாருங்கள். அமெரிக்காவுக்குத் தைத்ததென்றால் ஆர்.என். (RN) என்று கம்பெனியின் பதிவு எண் இருக்கலாம். அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் (FTC) இணையதளத்தில் தேடினால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். லேபிள் பளிச்சென்று முழுசாக, லோகோ பெரிதாக இருந்து விலையும் அடிமட்டம் என்றால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், டி-ஷர்ட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். விலாத் தையல் முன்பக்கமாகத் திரும்பினால் வாங்காதீர்கள், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். வெளிநாட்டு எக்ஸ்எல் பெரும்பாலும் நம் எக்ஸ்எல்லை விடப் பெரிது, நெஞ்சளவை டேப்பில் அளந்து வாங்குங்கள். செகண்ட்ஸ், அதாவது சிறு பழுதுள்ள துணி என்றால் அக்குள், காலர் ஓரம் இரண்டையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் மாற்றித் தர மாட்டார்கள்.