கைநாட்டு வைத்தவர்களுக்கும் படிக்கத் தெரியும்

"எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று வங்கிக்காரர் படிவத்தில் எழுதியதை, எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டி தலைகீழாகவே வாசித்துவிட்டார். கட்டைவிரலில் மை கூடக் காயவில்லை. "எழுதத்தான் தெரியாது தம்பி. படிக்கத் தெரியாதுன்னு யார் சொன்னா?" வங்கிக்காரர் சிரித்தார். திருத்தவில்லை.

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. அண்ணன் திண்ணையில் பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தே எழுத்தைப் பிடித்துக்கொண்டவர். அதனால் தலைகீழ் எழுத்து அவருக்கு நேர் எழுத்து மாதிரிதான். சிலேட்டு மட்டும் கைக்கு வரவில்லை. "பொட்டப்புள்ளைக்கு எழுதத் தெரிஞ்சா கடுதாசி எழுதும்" என்பது கொள்ளுத்தாத்தாவின் கொள்கை.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம், நண்பர் ஒருவர் பகிர்ந்த பதிவு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் எழுத்தறிவில்லாதவர்களாம். எண்ணில் தப்பில்லை, வரலாற்றாசிரியர்கள் பரவலாகச் சொல்லும் மதிப்பீடுதான். ஆனால் அது எப்படி வந்தது? உயில், நீதிமன்றச் சாட்சியம் போன்ற ஆவணங்களில் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் வெறும் குறி இட்டார்கள் என்று எண்ணிப் பார்த்து வந்தது. அதாவது அந்த வங்கிக்காரர் செய்த கணக்கேதான்.

அன்றைய இங்கிலாந்தில் வாசிப்பும் எழுத்தும் ஒரே பாடமாக இல்லை. முதலில் வாசிப்பு. கைப்பிடி வைத்த சின்னப் பலகையில் அகரவரிசையும் கிறிஸ்தவ ஜெபமும் அச்சடித்த தாளை ஒட்டி, தாள் கிழியாமலிருக்க மெல்லிய கொம்புத் தகட்டால் மூடியிருப்பார்கள். தெருவில் யாராவது ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே பிள்ளைகளை உட்கார வைத்து அதைச் சொல்லிக்கொடுப்பார். எழுத்துப் பாடம் ஏழு வயது வாக்கில்தான் தொடங்கும். அதற்குத் தனி வாத்தியார், தனிக் கட்டணம், அப்புறம் இறகுப் பேனா சீவுவது, மை என்று செலவு வேறு. அந்த வயதில் ஏழைப் பையன் வேலைக்குப் போய்விடுவான். பெண் பிள்ளையை ஊசிக்கும் நூல் நூற்பதற்கும் அனுப்பிவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்து, பெயரெழுதத் தெரியாமல் போன இந்தக் கூட்டத்தைக் கையெழுத்துக் கணக்கு விட்டுவிடுகிறது என்று மார்கரெட் ஸ்பஃபர்ட் என்ற வரலாற்றாசிரியர் 1979இலேயே எழுதிவிட்டார்.

சுவீடன் இன்னும் தெளிவான உதாரணம். 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஆண், பெண், வேலைக்காரர் எல்லாரும் வாசிக்கப் பழக வேண்டும். பாதிரியார் ஊர் ஊராகப் போய் வாசிக்கச் சொல்லிச் சோதிப்பார். தேறாவிட்டால் நற்கருணை (தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் சடங்கு) கிடையாது, கல்யாணத்துக்கும் தடை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே பெரும்பாலான பெண்கள் வாசித்தார்கள். எழுதுவதைப் பற்றிச் சட்டம் கவலைப்படவில்லை.

அதற்காக 'ஆகா, அந்தக் காலத்திலேயே பெண் கல்வி!' என்று குதிக்க எனக்கு மனசில்லை. நாங்கள் அச்சடித்துத் தருவதை வாசி, மனப்பாடம் செய், கீழ்ப்படி. பதில் எழுத வேண்டாம். கொள்ளுத்தாத்தா கெட்டிக்காரர், ஐரோப்பியப் பாதிரிமார்களோடு சுலபமாக ஒத்துப்போயிருப்பார்.

துணிந்து எழுதிய பெண்ணுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பாத்சுவா மேக்கின், மன்னர் முதலாம் சார்லஸின் மகளுக்கே பாடம் சொன்னவர். பெண்களுக்கு மொழிகளும் அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்று 1673இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தன் பெயரைப் போடவில்லை. போதாக்குறைக்கு, எழுதுபவர் ஓர் ஆண் என்றே உள்ளே சொல்லிக்கொள்கிறார். கையெழுத்துப் போடத் தெரிந்தும் போட முடியாத கேஸ்.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு துண்டுத் துணி. பூவேலைத் தையல்களைப் பழகவும் பின்னால் பார்த்துத் தைக்கவும் வைத்திருக்கும் மாதிரித் துணி அது. பிரிட்டனில் ஆண்டு குறிக்கப்பட்டவற்றில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது. பட்டு நூல், குட்டி முத்துகள், கறுப்பு மணிகள் எல்லாம் கோத்திருக்கிறது. பூ, விலங்குகளோடு அகரவரிசையும் உண்டு. தைத்தவர் பெயர் ஜேன் போஸ்டாக், ஆண்டு 1598. இரண்டையும் துணியிலேயே பெரிய எழுத்தில் தைத்து வைத்திருக்கிறார். பேனா கிடைக்காத பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்திலும் எழுத்து இப்படி ஊசி வழியாகத்தான் கைக்கு வந்தது. நூலில் போட்ட கையெழுத்தை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

அதே துணியில் ஒரு குழந்தையின் பிறப்பும் இருக்கிறது. ஆலிஸ் லீ பிறந்தது 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை, பிற்பகல்.

எங்கள் பாட்டிக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. வங்கியில் ஜனவரி 1 என்று போட்டார்கள். அதையும் தலைகீழாக வாசித்தார், அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.