வம்சப் பட்டியலில் கிட்னி இல்லை

பூனைக்குட்டி விற்கிறவர்கள் போடும் விளம்பரங்களில் 'ஃபுல்லி டெஸ்டட்' என்று ஒரு வார்த்தை தவறாமல் வரும். இப்போதெல்லாம் அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. என்ன டெஸ்ட், எந்தப் பூனைக்கு, எப்போது எடுத்தது? இதைச் சொல்லாவிட்டால் அந்த வார்த்தை வெறும் அலங்காரம்.

என் பெர்சியன் பூனையின் பெயர் பூசணி. நிறத்தைப் பார்த்து வைத்தது. மூன்று மாதக் குட்டியாக வந்தபோது கூடவே ஒரு பெடிகிரி சர்டிஃபிகேட்டும், அதாவது வம்சப் பட்டியலும் வந்தது. நான்கு தலைமுறை, எல்லாம் ஜமீன்தார் மாதிரி நீளநீளமான பெயர்கள். அதை லேமினேட் பண்ணி வைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வயதில் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரமே காலியாக ஆரம்பித்தது. மணல் தட்டில் அள்ளுகிற கட்டிகளும் நாளுக்கு நாள் பெரிதாகின. வெயில் காலம், அதனால் குடிக்கிறது என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். பிறகு ஸ்கேன். வயிற்று முடியை மழித்து ஜெல் தடவி, கருவியை வைத்ததுமே திரையில் கறுப்பு வட்டங்கள். இரண்டு கிட்னியிலும், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. "அம்மா அப்பாவுக்கு பி.கே.டி. பார்த்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார். கிட்னியில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் அது. பையிலிருந்து சர்டிஃபிகேட்டை எடுத்து நீட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல பேருதாங்க இருக்கு. கிட்னி இல்ல."

குட்டி கொடுத்தவருக்கு போன் போட்டேன். "ரெண்டும் ஜம்முனு இருக்குங்க, வந்து பாருங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த நோயின் சூட்சுமமே. கிட்னியில் நீர்க்கட்டிகள் பிறக்கும்போதே இருக்கும், மெதுவாக வளரும், பூனை நோயாளியாகத் தெரிய ஆரம்பிப்பதற்குச் சராசரியாக ஏழு வயதாவது ஆகிவிடும். அதற்குள் அந்தத் தாய் எத்தனை ஈற்று ஈன்றிருக்கும்! பெற்றோரில் ஒன்றுக்கு இந்த மரபணுப் பிழை இருந்தாலே போதும், ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதே விஷயத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிழையுள்ள மரபணுவின் ஒரே ஒரு பிரதி இருந்தாலே நோய் வரும் என்றால், ஒளிந்து வருவதற்கு அதற்கு இடமே இல்லை. தாய், கடுவன் இரண்டுக்கும் டெஸ்டில் 'இல்லை' என்று வந்தால் குட்டிகளுக்கு அது போகாது. பெர்சியன்களில் இந்தப் பிழையை 2004-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் நாலு தடவை தேய்த்து அனுப்பினால் தீர்ந்தது. பூனையின் ஆயுளுக்கும் அது ஒரே தடவைதான். அதற்கு முன்பும்கூட பத்து மாதம் தாண்டிய பூனைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துச் சொல்ல முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் டெஸ்ட் எடுக்காமல் பெர்சியனைச் சேர்க்கைக்கு விடுகிறவரை 'தெரியாம நடந்துபோச்சு' என்று சொல்ல என்னால் விட முடியாது.

எல்லா நோயும் இவ்வளவு நேர்மையானது இல்லை. இதயத் தசை தடித்துப்போகும் ஹெச்.சி.எம். அப்படித்தான். மெயின் கூன் இனத்துக்கு 2005-லும் ராக்டால் இனத்துக்கு 2007-லும் ஒவ்வொரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். மரபணு ஒன்றேதான், பிழை இருக்கும் இடம் வேறு. ஆகவே ஒன்றுக்கான டெஸ்டை இன்னொன்றுக்கு எடுத்து 'நெகட்டிவ்' வாங்குவது, பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நம் வீடு பத்திரம் என்று தூங்கப் போவதுதான். சரியான டெஸ்டிலேயே நெகட்டிவ் வந்தாலும் அந்த ஒரு பிழை இல்லை என்று மட்டும்தான் பொருள். வேறு காரணத்தால் இதயம் தடிக்கலாம். அதனால் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைகளுக்கு வருடா வருடம் எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கேன்) பார்க்க வேண்டும். இதில் முதல் அறிகுறியே சில சமயம் பின்னங்கால்கள் இரண்டும் திடீரென்று விழுந்துபோவதாக இருக்கும். இதயத்தில் உறைந்த ரத்தம் போய் அடைத்துக்கொள்வதால் வருவது. முந்தின நாள் வரை ஓடி விளையாடிய பூனையாக இருக்கும்.

எதிர்ப்பக்கத்து ஆர்வக்கோளாறும் உண்டு. அபிசீனியன் இனத்துக்குப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் ஒன்றும், ரத்த சோகை தரும் பி.கே. என்ற நொதியின் குறைபாடும் பரம்பரையாக வருகின்றன. இவற்றில் இரண்டு பக்கமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் உள்ள பூனை ஆரோக்கியமாகவே வாழும். அப்படி ரிப்போர்ட் வந்த பூனைகளையெல்லாம் உடனே கருத்தடை பண்ணி ஒதுக்கிவிட்டால், ஏற்கெனவே சுருங்கிய வம்சம் இன்னும் சுருங்கும். நாளைக்கு வேறொரு நோய் தலையெடுக்கும். பிழையே இல்லாத துணையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. டெஸ்ட் எடுப்பது ஜோடி பார்ப்பதற்கு. தீண்டாமைக்கு இல்லை.

(ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கு என்ன டெஸ்ட் என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். காதைப் பாருங்கள், அதுதான் ரிப்போர்ட். காதை மடிக்கிற அதே பிழைதான் மூட்டுகளையும் கெடுக்கிறது.)

தொற்று நோய்களுக்கு வந்தால் குழப்பம் வேறு மாதிரி. தடுப்பூசி அட்டையைக் காட்டி 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்கிறார்கள். ஊசி வேறு, பரிசோதனை வேறு. பூனை லூக்கேமியா வைரஸான எஃப்.இ.எல்.வி. எச்சில் வழியே, நக்கிக் கொடுப்பதில், ஒரே கிண்ணத்தில் தின்பதில்கூடப் பரவும். பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸான எஃப்.ஐ.வி. பெரும்பாலும் கடியில் பரவும். கடுவன் சேரும்போது பெட்டையின் பிடரியைக் கவ்வும் என்பது ஞாபகம் இருக்கட்டும். சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம், கிட்டில் கோடோ புள்ளியோ தெரிந்துவிடும். ஆனால் நேற்றுத் தொற்றியது இன்று தெரியாது. புதுப் பூனையைத் தனியறையில் வைத்து, சில வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு எஃப்.ஐ.வி. பாசிட்டிவ் வந்தால் பதறவும் வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம், பிறகு மறையும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது 'எஃப்.ஐ.பி. நெகட்டிவ்' சர்டிஃபிகேட்டைப் பார்த்தால்தான். எஃப்.ஐ.பி. பூனைகளுக்கு வரும் ஒரு கொடிய அழற்சி நோய். ரத்தத்தில் பார்ப்பது பூனை கொரோனா வைரஸுக்கான எதிர்ப்பொருளை. பல பூனைகள் சேர்ந்திருக்கும் இடங்களில் அந்த வைரஸ் சர்வ சாதாரணம். அது உடம்புக்குள் உருமாறி எஃப்.ஐ.பி.யாக ஆவது சிறு பகுதிக்குத்தான். யாருக்கு ஆகும் என்று அந்த டெஸ்ட் சொல்லாது. இதில் பாசிட்டிவ் என்பதற்காகவே நல்ல பூனையை ஊசி போட்டுக் கொன்ற கதையைக் கேட்டிருக்கிறேன். அதுவும், சாவு நிச்சயம் என்றிருந்த அந்த நோய்க்கு ஜி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் வைரஸ் எதிர்ப்பு மருந்து வந்து பல பூனைகள் பிழைக்கிற இந்தக் காலத்தில்.

யாருமே விளம்பரத்தில் போடாத ஒரு டெஸ்ட் ரத்த வகை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரிலும் டெவன் ரெக்ஸிலும் பி வகை நிறைய. பி வகைத் தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்தால் தாயின் சீம்பாலே அதற்கு நஞ்சு. நன்றாகப் பிறந்து, நன்றாகக் குடித்த குட்டிகள் இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாக வாடிவிடும். முன்பே தெரிந்திருந்தால் முதல் ஒரு நாள் தாயிடம் விடாமல் வேறு பால் புகட்டிக் காப்பாற்றலாம்.

பூசணிக்கு இப்போது ஏழு வயது. சிறுநீரகத்துக்கான தனி உணவு, வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்.

போன வாரம் நண்பர் ஒருவர் மெயின் கூன் குட்டி விளம்பரம் ஒன்றை அனுப்பி, எப்படி என்று கேட்டார். பெற்றோரின் லேப் ரிப்போர்ட்டும் எக்கோ தேதியும் கேளுங்கள் என்றேன். கேட்டார். தடுப்பூசி அட்டையின் போட்டோ வந்தது. அது இல்லைங்க என்றதும் ஒரு ரிப்போர்ட் வந்தது, 'நெகட்டிவ்' என்று பச்சை எழுத்தில். அது எந்தப் பூனையின் ரிப்போர்ட் என்று காட்டும் மைக்ரோசிப் எண் இருக்க வேண்டிய இடம் காலி. "சிப் நம்பர் என்னன்னு கேளுங்க" என்றேன். கேட்டிருக்கிறார். இன்று வரை நீல டிக் மட்டும்தான்.