சம்பளத்தைப் பணமாகவே கொடுங்கள்

என் அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே என்னையும் சேர்த்தார். எங்கள் வீடு அந்தப் பள்ளிக்குரிய பகுதியில் இல்லை. ஆசிரியர் பிள்ளை என்ற ஒரே காரணத்தால் எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. நான் பலன் அடைந்த தரப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போதவில்லை, அவர்கள் பிள்ளைகளுக்காவது நல்ல அரசுப் பள்ளியில் முன்னுரிமை கொடுத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரிப்பணத்தில் சம்பளமும் வாங்கிக்கொண்டு வரிசையையும் தாண்டுவதா என்று இன்னொருவர் கொதித்தார். இரண்டு நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சலுகையின் காரணம் பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கிறதா, பெற்றோரின் பதவியில் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேந்திரிய வித்யாலயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை முறை இடமாறுதல் வந்தது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடிகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரையும் மொழியையும் பாடத்திட்டத்தையும் மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு ஏற்படும் இழப்பு உண்மையானது. ஆனால் அதே பள்ளிகளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 பேரைப் பரிந்துரைத்துச் சேர்க்கலாம் என்ற ஒதுக்கீடும் இருந்தது. அந்தப் பத்துப் பேரை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுத்தார்கள்? கடிதம் வாங்க வீட்டு வாசலில் நிற்க முடிந்தவர்களுக்குக் கிடைத்தது. 2022இல் அதை ஒழித்தார்கள். மிகச் சரியான முடிவு. மிகத் தாமதமான முடிவும்கூட.

வாஷிங்டன் நகரில் நடந்ததும் இதே வகைதான். அங்கே தங்கள் பகுதிக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளியில் சேர விரும்புவோருக்குக் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்குகிறார்கள். முன்பு பள்ளித் துறைத் தலைவராக இருந்தவர் அரசு அதிகாரிகள் சிலரின் பிள்ளைகளுக்குக் குலுக்கலைத் தாண்டி இடம் கொடுத்திருந்தது 2017இல் விசாரணையில் வெளியே வந்தது. அடுத்து வந்த தலைவர், இனி அப்படி நடக்கக் கூடாது என்று விதியை இறுக்கினார். பிறகு அவருடைய மகளே, 600க்கும் மேற்பட்டோர் காத்திருந்த ஒரு பள்ளிக்கு வரிசையைத் தாண்டி மாற்றப்பட்டார். 2018 பிப்ரவரியில் அவர் பதவி விலக நேர்ந்தது. அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; பழைய பள்ளி ஒத்துவராமல்கூட இருந்திருக்கலாம். பள்ளி ஒத்துவராத பிள்ளைகள் அந்த 600 பேரிலும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கும்போதுதான் என் கோபம் அடங்க மறுக்கிறது. அதே அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் ஒரு தாய், தன் தந்தையின் முகவரியைக் காட்டி, இரண்டு மகள்களையும் பக்கத்துப் பகுதியின் பள்ளியில் சேர்த்தார். 2011 ஜனவரியில் ஆவணத்தைத் திருத்திய குற்றத்துக்காக அவருக்குப் பத்து நாள் சிறை விதித்தார்கள். அவரும் ஒரு பள்ளி ஊழியர். வகுப்பறை உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். பெருங்குற்றம் என்று பதிவானதால் ஆசிரியர் உரிமமே கைநழுவும் நிலை. சில மாதங்கள் கழித்து மாநில ஆளுநர் தலையிட்டு அதைச் சிறு குற்றமாகக் குறைத்தார். வாஷிங்டன் தலைவர், இந்தத் தாய் இருவருமே தேடியது பிள்ளைக்கு நல்ல பள்ளியைத்தான். மேலே இருந்தவருக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கீழே இருந்தவர் பொய் முகவரியைத் தேட வேண்டியிருந்தது.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். "சம்பளம் குறைவு, ஆகவே பள்ளியில் இடம்" என்ற வாதம் ஊழியருக்கே நன்மை செய்யாது. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் பள்ளி வயதில் பிள்ளை உள்ளவருக்கு அந்தச் சலுகை கிடைக்கும். பிள்ளை இல்லாதவருக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவருக்கும் ஒன்றுமில்லை. அந்த இடம் ஓய்வூதியக் கணக்கில் சேராது, வீட்டு வாடகைக்கு உதவாது. அரசுக்கோ மிகவும் வசதி: நிதிநிலை அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாமல் ஊழியரைச் சமாதானப்படுத்திவிடலாம். அந்தச் செலவைக் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் இருக்கும் குழந்தை ஏற்கிறது. சம்பளம் போதவில்லையென்றால் சம்பளத்தை உயர்த்துங்கள். அதற்கான வரியை நானும் கட்டுகிறேன், முணுமுணுக்காமல்.

2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. உத்தரப் பிரதேசத்தில் அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் பெறுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில்தான் படிக்க வைக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்த ஆதங்கம் நியாயமானது. அதிகாரியின் பிள்ளை உட்காரும் வகுப்பறையின் கூரை அதிக நாள் ஒழுகாது.

இங்கிலாந்தின் சேர்க்கை விதிகள் பள்ளி ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர அனுமதிக்கின்றன. அந்த ஊழியர் இரண்டு ஆண்டுகளாவது அங்கே பணிபுரிந்திருக்க வேண்டும், அல்லது ஆள் கிடைக்காத பணிக்கு எடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பள்ளி அதைத் தன் சேர்க்கை விதிகளில் முன்கூட்டியே வெளியிட்டாக வேண்டும். எனக்கு இதிலும் தயக்கம் உண்டு. ஆனால் வரிசையில் நிற்கிறவருக்குத் தன் முன்னால் யார், ஏன் நிற்கிறார் என்பதாவது தெரிகிறது.

அம்மாவுக்குக் கிடைத்த சலுகையை நான் முழுவதும் மறுக்கவில்லை. காலை ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய ஒருவர் ஆறு வயதுக் குழந்தையை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. வேலை நேரம்தான் காரணம் என்றால், அந்த நேரத்தில் அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது பொருந்த வேண்டும். எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கிய அக்கா, அம்மாவுக்கு முன்பே வந்துவிடுவார், எல்லோரும் போன பிறகுதான் கிளம்புவார். நிரந்தரப் பணியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருடைய மகளுக்கும் என் வயதுதான். வேறு பள்ளியில் படித்தாள். மாலையில் அங்கிருந்து நடந்து வந்து, எங்கள் பள்ளியின் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, அவள் அம்மா வேலை முடித்து வரும்வரை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.